ஒரு சாணுக்கு மேல்

மனைவி போன பிறகும் பெரியவர் வழக்கம்போலவே எழுந்தார், வேலைக்குப் போனார், வந்தார், படுத்தார். அழவில்லை, யாரையும் திட்டவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. வெகுநேரம் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டு எழுந்தால் அந்தக் கால் நம்முடையதே இல்லை என்பதுபோல இருக்குமே, அப்படி இருந்தது அவருக்கு. கால் மட்டுமல்ல, ஆளே மரத்துக் கிடந்தார். சாப்பிட்டோமா இல்லையா என்பது கழுவும் தொட்டியில் கிடக்கும் தட்டைப் பார்த்தால்தான் தெரிந்தது.

அவள் போனதில் சண்டை எதுவும் இல்லை. வெளியூரில் இருக்கும் மகள் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். மாதம் முடியும் சமயத்தில் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"நான் இங்கயே இருந்துக்கறேங்க."

"சரி," என்றார் பெரியவர்.

அந்தப் பக்கம் அவள் வைக்காமல் நின்றாள். பேரக்குழந்தை ஏதோ பாத்திரத்தைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவளும் "சரி" என்று சொல்லி வைத்துவிட்டாள். பெரியவர் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். அதன்பின் மழை வந்தது, மழைக்குப் பின்னால் நல்ல வெயிலும் வந்தது. வீட்டு முன்னால் புல் எழும்ப ஆரம்பித்தது.

அவரைத் தெருவே பெரியவர் என்றுதான் கூப்பிடும். பக்கத்து வாசல்காரர் அவருடைய தம்பி, சின்னவர். அப்பா கட்டிக் கொடுத்த வீடு அது. ஒரே கூரை, நடுவே ஒரே சுவர், இரண்டு வாசல். அண்ணன் இந்தப் பக்கம் இருமினால் தம்பிக்கு அந்தப் பக்கம் கேட்க வேண்டும் என்று அப்பா நினைத்தார். கேட்கத்தான் செய்தது. கேட்டுக்கொண்டே பேசாமல் இருக்கத்தான் பிள்ளைகள் இரண்டு பேரும் கற்றுக்கொண்டார்கள்.

காரணம் ஒரு மரம். முன்புறப் புல்வெளியின் நடுவில், இவர் பாதியும் அவர் பாதியும் சேரும் இடத்தில் நின்றது. பெரியவர் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்த சமயத்தில் சின்னவர் ஆள் வைத்து அதை வெட்டிவிட்டார். வேர் வந்து கார் நிறுத்தும் தளத்தைப் பிளந்துவிட்டது என்பது அவர் நியாயம். மகள் ஊஞ்சல் ஆடிய மரம் என்பது பெரியவரின் நியாயம். "ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார் அண்ணன். "கேட்டா வெட்ட விட்டிருப்பியா?" என்றார் தம்பி. அதோடு நின்றது பேச்சு. ஊஞ்சல் ஆடிய பெண் படித்து, கல்யாணமாகி, அவளுக்கே பிள்ளை பிறந்து, பேச்சு மட்டும் இன்னும் நின்ற இடத்தில்தான் நின்றது.

அந்த ஊர் நகராட்சி வாசல் விஷயத்தில் ரொம்பக் கறார். வீட்டு முன்பக்கம் வேலி போடக் கூடாது. புல் ஒரு சாணுக்கு மேல் வளரக் கூடாது. செடி கொடி நடைபாதைமேல் சாயக் கூடாது. வெட்டிய புல்லைச் சாக்கடையில் தள்ளக் கூடாது. முன்புறம் துணி காயப் போடக் கூடாது. மீறினால் அறிவிப்பு ஒட்டுவார்கள். அப்படியும் அசையாவிட்டால் அவர்களே ஆள் அனுப்பி வெட்டிவிட்டு, கூலியை வீட்டுவரியோடு சேர்த்துவிடுவார்கள். இந்த விதிகள் எதுவும் பெரியவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையே வந்ததில்லை. அவர் பாதியை இத்தனை காலமும் பார்த்துக்கொண்டவள் மனைவிதான்.

ஒரு விடுமுறை நாள் காலையில் நகராட்சி அம்மா வந்தார். கையில் ஒரு மரக் குச்சி எப்போதும் இருக்கும். அடியிலிருந்து ஒரு சாண் உயரம்வரை பச்சை, அதற்கு மேல் சிவப்பு. அதனாலேயே அவருக்குக் குச்சியக்கா என்று பேர். மணியை அடித்துவிட்டு, பெரியவர் கதவைத் திறப்பதற்குள் குச்சியைப் புல்லில் ஊன்றியிருந்தார்.

"அம்மா இல்லையா?"

"இல்ல."

"கடைக்குப் போயிருக்காங்களா?"

"இல்ல."

"பாருங்க ஐயா, பச்சை எங்கன்னே தெரியல. சிவப்பே பாதிதான் தெரியுது. அம்மா இருந்தா இப்படி விட மாட்டாங்களே! நான் வர்றதுக்கு முந்தின நாளே வெட்டி, ஓரம் எல்லாம் கத்தரிச்சு வச்சிருப்பாங்க. உங்க வீட்டுக்கு வந்தா எனக்கு வேலையே இருக்காது."

பெரியவர் புல்லைப் பார்த்தார். உயரமாகத்தான் இருந்தது. எப்போது வளர்ந்தது என்று தெரியவில்லை. தினமும் அதைக் கடந்துதான் பேருந்து நிறுத்தத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.

பக்கத்தில் சின்னவர் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். நாள் முழுக்கக் கற்றுக்குட்டிகளிடம் "பிரேக்கு, பிரேக்கு" என்று கத்திக் கத்தித் தொண்டை அப்படியே நிலைத்துவிட்டது. நல்ல சேதி சொன்னால்கூட விபத்து நடந்துவிட்டதுபோல் இருக்கும். அவர் தண்ணீர்க் குழாயோடு முன்னால் வந்தார்.

"மேடம், என் பாதியைப் பாருங்க. எண்ணெய் வச்சுத் தலை வாரின மாதிரி இருக்கு. எனக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

"இருக்குங்க. எங்க கணக்குல இது ஒரே மனை. வாசல் ரெண்டு இருக்கலாம், மனை ஒண்ணுதான். அறிவிப்பு ரெண்டு பேர் பேர்லயும்தான் வரும்."

"இது என்ன நியாயம்? அவர் முடி வளர்ந்தா என் தலையை மழிப்பீங்களா? எப்ப வெட்டப் போறாருன்னு அவர்கிட்ட கேளுங்க."

"நீங்களே கேக்கலாமே. பத்தடியிலதானே நிக்கறாரு."

"நீங்களே கேளுங்க."

குச்சியக்கா பெரியவர் பக்கம் திரும்பினார். பெரியவர் அவரைப் பார்த்தே சொன்னார்: "வெட்டிடறேன்னு சொல்லுங்க."

"யார்கிட்ட?"

"அவர்கிட்ட."

"நல்லா இருக்கு! நான் என்ன தபால்பெட்டியா, ரெண்டு பக்கமும் வாயைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்க?"

சின்னவரின் மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருப்பவள். நோயாளி வாயைத் திறப்பதற்குள் அவள் நாலு கதை சொல்லி முடித்திருப்பாள் என்பார்கள். அன்றைக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. பெரியவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வெட்டிடறேன் என்று சொன்னாரே தவிர பெரியவர் வெட்டவில்லை. வேண்டுமென்று விட்டதில்லை. வேலைவிட்டு வந்தால் நாற்காலியில் உட்காருவார். எழுந்திருக்க வேண்டிய காரணம் எதுவும் வராது. சுவருக்கு அந்தப் பக்கம் சின்னவரின் குரல் கேட்கும். "சில பேருக்கு வெக்கமே கிடையாது. அடுத்தவன் பேர் கெட்டா என்ன, குடி கெட்டா என்ன." இவருக்குக் கேட்பதற்காகவே சுவரின் அருகில் வந்து நின்று சொல்வது. முன்பெல்லாம் இந்த மாதிரிப் பேச்சு கேட்டால் பெரியவருக்குக் காது சிவக்கும். இப்போது வேறு யாரோ வீட்டு வானொலி ஓடுவதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தின் அலுவலகக் கட்டடங்களில் ஏறி இறங்கும் பெட்டிகள் பாதி அவர் கைபட்டவை. பெட்டியின் மேற்கூரையில் ஏறி நின்று, இருட்டுக் குழிக்குள் தொங்கும் இரும்புக் கயிறுகளை ஒவ்வொன்றாகத் துணி வைத்துத் தடவிப் பார்க்க வேண்டும். இழை அறுந்திருந்தால் துணியில் மாட்டும். அந்த வாரம் ஒரு கட்டடத்தில் வேலை முடித்து இறங்கி வந்தபோது காவலாளி பதறிப்போய் எழுந்தார்.

"ஐயா, கையைப் பாருங்க!"

உள்ளங்கையிலிருந்து ரத்தம் வழிந்து சட்டைக் கை நனைந்திருந்தது. துணி நழுவியது தெரியாமல் வெறுங்கையால் தடவியிருக்கிறார். பெரியவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடையில் வைத்திருக்கும் பொருளைப் பார்ப்பதுபோல இருந்தது. காவலாளிதான் கழுவிவிட்டுக் கட்டுப் போட்டார். "வீட்ல அம்மாகிட்ட காட்டுங்க, திட்டுவாங்க," என்றார் சிரித்துக்கொண்டே. "காட்டறேன்," என்றார் பெரியவர்.

குச்சியக்கா மறுபடி வந்தபோது புல் கதிர் விட்டு நடைபாதைமேல் படுத்திருந்தது. தள்ளுவண்டியில் குழந்தையோடு போன ஒருத்தி அதைச் சுற்றித் தெருவில் இறங்கிப் போனாள். குச்சியக்கா இந்த முறை குச்சியை ஊன்றக்கூட இல்லை; அறிவிப்புக் காகிதத்தைக் கதவில் ஒட்டிவிட்டு மணியை அடித்தார்.

"நாளன்னைக்கு எங்க ஆளுங்க வருவாங்க ஐயா. அவங்க வந்தா அழகு பாக்க மாட்டாங்க, வேரோட வழிச்சிட்டுப் போயிடுவாங்க. உங்ககிட்ட சொல்லிப் பிரயோசனமில்ல. அம்மாவைக் கூப்பிடுங்க, நான் பேசறேன்."

"அவங்க வர மாட்டாங்க."

"இன்னைக்கா?"

"இனிமே."

இந்த லிஃப்ட் ஓடாது, படியில் ஏறிப் போங்க என்று வேலை இடத்தில் சொல்வாரே, அதே குரலில்தான் சொன்னார். இத்தனை நாளில் அதை வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை. சொன்ன பிறகு ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தார். உள்ளே ஒன்றும் நடக்கவில்லை.

வெளியே நடந்தது. காரைத் துடைத்துக்கொண்டிருந்த சின்னவர் துணியோடு புல்லுக்குள் நடந்து வந்துவிட்டார். அவர் பாதி முடிந்து இவர் பாதி தொடங்கும் இடத்தில் ஒரு கணம் நின்றார், பிறகு தாண்டினார்.

"என்னது? அண்ணி எங்க?"

அண்ணனைப் பார்த்தே கேட்டார். பெரியவரும் அவரைப் பார்த்தே பதில் சொன்னார்.

"மக வீட்ல."

"எப்ப இருந்து?"

"மழைக்கு முன்னாடி இருந்து."

"மழைக்கு முன்னாடியா? சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கேன், எனக்குத் தெரியாதா?" சின்னவர் சுற்றுமுற்றும் பார்த்தார். வாசற்படியில் மனைவி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். "ஏய், உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்படி?"

"அக்காதான் சொன்னாங்க."

"எந்த அக்கா? நாமதான் பேசறதே இல்லையே!"

"நீங்க ரெண்டு பேரும் பேசறதில்ல. நாங்க எப்ப பேசாம இருந்தோம்? பின்னாடி கொடியில துணி போடறப்ப எல்லாம் பேசிக்கிட்டுத்தான் இருக்கோம். உங்க சட்டை, மாமா சட்டை ரெண்டையும் நடுவுல தொங்க விட்டுட்டு அதுக்குப் பின்னாடி நின்னு பேசுவோம். உங்க கண்ணுக்குத் தெரிஞ்சாத்தானே!"

"இத்தனை வருசமாவா?"

"இத்தனை வருசமும்தான். அவங்க பேத்தி பிறந்தப்ப போட்ட ஸ்வெட்டர்கூட நான் பின்னினதுதான்."

குச்சியக்கா தொண்டையைச் செருமினார். "நான் கிளம்பறேன். நாளன்னைக்கு வரைக்கும் நேரம் இருக்கு. புல்லைத்தான் சொல்றேன்."

பெரியவர் உள்ளே போய் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் முன்னால் புல்வெட்டும் இயந்திரத்தின் சத்தம் கேட்டது. கிளம்பியது, இருமியது, நின்றது. மறுபடி கிளம்பியது, நின்றது. கூடவே சின்னவரின் வசவு. அது தன் பாதியில் கேட்கும் சத்தம் என்று புரியப் பெரியவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எழுந்து போனார்.

"இவ்வளவு உயரத்தை மெஷின் தின்னாது," என்றார் சின்னவர், வேர்வையோடு. "முதல்ல அரிவாளால தலையைத் தட்டணும். அண்ணி அரிவாள் எங்க வச்சிருக்காங்க?"

பெரியவருக்குத் தெரியவில்லை. சின்னவரின் மனைவிதான் போய் எடுத்துவந்தாள். பின்பக்கத் தகரக் கொட்டகையில், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு பேரும் குனிந்து வெட்டினார்கள். ஈரப் புல்லின் வாசனை மூக்கில் ஏறியது; பெரியவருக்கு அது வாசனை என்று தெரிந்ததே தவிர நல்லதா கெட்டதா என்று தோன்றவில்லை. தலை தட்டி முடித்ததும் சின்னவர் இயந்திரத்தை அவரிடம் தள்ளினார்.

"நீ ஓட்டு. என் முதுகு போச்சு."

"எனக்குத் தெரியாது."

"பத்து மாடி லிஃப்டைக் கழட்டி மாட்டறவருக்கு இது தெரியாதா? பிடி. இந்தக் கம்பியை மெதுவா விடு. மெதுவா! கீழ பாக்காத, முன்னாடி பாரு. எங்க போகணுமோ அங்கதான் கண்ணு இருக்கணும். திருப்பு, திருப்பு... பிரேக்கு!"

"இதுல பிரேக் இருக்கா?"

"இல்ல. வாய் தவறி வந்துருச்சு."

நடுவில் வந்தபோது தகடு எதிலோ மோதி டணார் என்று சத்தம் போட்டு இயந்திரம் நின்றுவிட்டது. புல்லை விலக்கிப் பார்த்தார்கள். வெட்டிய மரத்தின் அடிக்கட்டை. விளிம்பெல்லாம் உளுத்து, நடுவில் பள்ளம் விழுந்து கிடந்தது. தகட்டின் முனை மடங்கிவிட்டது.

சின்னவர் கட்டையைக் காலால் லேசாகத் தட்டினார். பிறகு தட்டுவதை நிறுத்தினார்.

"அன்னைக்கு உன்கிட்ட கேட்டிருக்கணும்," என்றார்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகப் பெரியவர் எத்தனையோ வருடம் காத்திருந்தார். அதற்கு என்ன பதில் சொல்வது என்றுகூட ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். இப்போது அது வந்துவிட்டது. வீடு மாறிப் போனவருக்கு வந்த கடிதம்போல வந்து நின்றது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

"தகட்டை நிமித்தித் தரேன். கடைசல் பட்டறைக்காரர் ஒருத்தரைத் தெரியும்," என்றார்.

சின்னவர் தலையாட்டினார். மிச்சத்தை இருட்டுவதற்குள் அரிவாளாலேயே வெட்டி முடித்தார்கள்.

அடுத்த வாரம் பெரியவர் தன் துணிகளைத் தானே துவைத்து, பின்பக்கக் கொடியில் போடப் போனார். சட்டையின் தோள்பட்டையில் துணிக் கவ்வி மாட்டித் தொங்க விட்டார். சுவரோர இடைவெளியின் அந்தப் பக்கம் தம்பி மனைவி நின்றாள்.

"மாமா, சட்டையைத் தலைகீழாத் தொங்க விடுங்க. தோள்ல கவ்வி போட்டா கொம்பு முளைச்ச மாதிரி ஆயிடும்."

திருப்பிப் போட்டார். பிறகு கேட்டார்: "அவ உன்கிட்ட என்னம்மா சொன்னா?"

பேச்சுக்குப் பஞ்சமில்லாதவள் வார்த்தையைத் தேடினாள்.

"சொன்னா மனசு கஷ்டப்படுமே மாமா."

"படட்டும்."

"'நான் போனது அவருக்கு உறைக்கணும்னா வாசல்ல புல்லு முளைக்கணும்'னாங்க. போன்ல அழுதுட்டே சிரிச்சாங்க. 'நீ எதுவும் சொல்லிடாத, அவரா கேக்கறாரான்னு பாப்போம்'னும் சொன்னாங்க. அதான் நான் வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன். எனக்கு வயிறே வெடிச்சிருக்கும்."

"இப்ப நான் கேட்டேன்னு சொல்லு."

"நானா? அதென்ன, உங்க வீட்ல எல்லாருக்கும் நடுவுல ஒரு ஆள் வேணுமா?" என்றாள் அவள். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெரியவருக்குக் கோபம் வரவில்லை. அது சரிதான் என்று பட்டது.

ஆனாலும் அவர் கூப்பிடவில்லை. தொலைபேசியைக் கையில் எடுப்பார்; என்ன பேசுவது என்று யோசிப்பார்; வைத்துவிடுவார். கடைசியில் அவள்தான் வந்தாள். ஒரு சிறிய வேனில், ஓட்டுநரோடு, தன் தையல் இயந்திரத்தை எடுத்துப்போக.

வேனிலிருந்து இறங்கியதும் வாசலுக்கு வராமல் புல்லருகே நின்றாள். சில இடத்தில் மண் தெரிய வழித்து, சில இடத்தில் கொத்துக் கொத்தாக விட்டு, மொத்தத்தில் அவசரக்காரன் சவரம் பண்ணிய முகம்போல இருந்தது.

"யார் வெட்டினது?"

"நான்."

"பாத்தாலே தெரியுது," என்றாள். "தம்பியும் கூட இருந்தாராமே?"

"இருந்தான்."

உள்ளே போனார்கள். இயந்திரத்தின் தலையைக் கழற்றி ஒரு போர்வையில் சுற்றினார் பெரியவர். அவள் இழுப்பறையிலிருந்து நூல்கண்டுகளை எடுத்து ஒரு பையில் போட்டுக்கொண்டே, அவரைப் பார்க்காமல் பேசினாள்.

"அன்னைக்கு போன்ல 'சரி'ன்னீங்க இல்ல?"

"சொன்னேன்."

"நான் வைக்காம நின்னேன். ஏன்னு கேப்பீங்கன்னு நின்னேன். திட்டுவீங்கன்னு கூட நின்னேன்."

"தெரியும். குழந்தை பாத்திரத்தைத் தட்டிட்டு இருந்துச்சு."

"அதெல்லாம் கேட்டிருக்கு. அப்ப ஏன் எதுவும் பேசல?"

பெரியவர் யோசித்தார். "தெரியல."

"தெரியலன்னாவது சொல்லியிருக்கலாம்." அவள் கையில் இருந்த நூல்கண்டு உருண்டு மேசைக்கு அடியில் போனது. எடுக்கவில்லை. "நீங்க குடிக்கல, அடிக்கல, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. யார்கிட்டயும் போய் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா தம்பிகிட்ட பேசாம இருந்து பழகிப் பழகி, அது அந்தச் சுவரோட நிக்கல. வீட்டுக்குள்ள வந்துருச்சு. மக இருந்த வரைக்கும் அவ பேசிட்டு இருந்தா, எனக்குத் தெரியல. அவ போனப்புறம் நான் ஃப்ரிட்ஜ் ஓடற சத்தத்தைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். புல்லு வெட்டறதுக்குத்தான் வெளிய வருவேன். அந்த மெஷின் சத்தமாவது ஒரு சத்தம் இல்லையா?"

பெரியவர் குனிந்து மேசைக்கு அடியிலிருந்து நூல்கண்டை எடுத்துக் கொடுத்தார். இரண்டு பேருமாக இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். ஓட்டுநர் வாங்கி உள்ளே வைத்தார். அவள் வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு, போகட்டுமா என்பதுபோலப் பார்த்தாள்.

இரு என்று சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. அந்தச் சொல் வரவில்லை. வேறு ஏதோ வந்தது.

"போன வாரம் ஒரு அம்மா லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்க," என்றார்.

"என்ன?"

"ரெண்டு மாடிக்கு நடுவுல. இந்த அகலத்துக்குத்தான் கதவு திறந்துச்சு. மூச்சு முட்டுதுன்னு ஒரே அழுகை. மோட்டரைக் கையால சுத்தி இறக்கணும், மேல ஒருத்தர் சுத்திட்டு இருந்தாரு. நான் கதவுக்கு வெளிய நின்னேன். 'பயமா இருக்கு, ஏதாவது பேசிட்டே இருங்க'ன்னாங்க. எனக்கு என்ன பேசறதுன்னு தெரியல."

"அப்புறம்?"

"புல்லைப் பத்திச் சொன்னேன்."

"எந்தப் புல்லை?"

"நம்ம புல்லை. ஒரு சாணுக்கு மேல வளரக் கூடாதும்மா, நடைபாதையில சாயக் கூடாதும்மா, வெட்டினதைச் சாக்கடையில போடக் கூடாதும்மா, முன்னாடி துணி காயப் போடக் கூடாதும்மான்னு வரிசையாச் சொன்னேன். குச்சியக்கா ஒட்டிட்டுப் போன காகிதத்துல இருந்தது அவ்வளவும் சொன்னேன். தீந்து போச்சு. மறுபடி முதல்ல இருந்து சொன்னேன். அழுகையை நிறுத்திட்டு, 'வேலி போடலாமா'ன்னு கேட்டாங்க. 'முன்பக்கம் கூடாதும்மா, பின்பக்கம் போடலாம்'னேன்."

அவள் வாயைப் புறங்கையால் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது.

"வெளிய வந்ததும் என்ன சொன்னாங்க?"

"'எங்க வீட்ல புல்லே கிடையாதுங்க, நாலாவது மாடி'ன்னாங்க."

இப்போது சத்தமாகவே சிரித்துவிட்டாள். பக்கத்து வாசலில் சன்னல் திரை அசைந்தது. சிரித்து முடித்து அவள் கண்ணைத் துடைத்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது.

"இத்தனை வருசத்துல வேலை இடத்துல நடந்த ஒரு கதையை எங்கிட்ட சொன்னதில்ல நீங்க," என்றாள். "ஒண்ணு கூட."

"கதைன்னு தோணினதில்ல."

ஓட்டுநர் ஒலிப்பானை லேசாகத் தட்டினார். அவள் ஏறிக்கொண்டாள். வேன் தெரு முனையில் திரும்பும்வரை பெரியவர் நின்றார். நெஞ்சுக்குள் எங்கோ கூச்சமாக, ஊசி ஊசியாக, மரத்த காலில் ரத்தம் ஓடத் தொடங்கும்போது இருப்பதுபோல இருந்தது. அது நன்றாக இல்லை. உட்கார்ந்தால் போய்விடும் என்று உள்ளே போய் உட்கார்ந்தார். அன்று சாயங்காலம்வரை அது போகவில்லை.

அவள் திரும்பி வந்துவிடவில்லை. மகள் வீட்டுக்குப் பக்கத்தில் துணி திருத்திக் கொடுக்கும் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கால்சட்டை சுருக்குவதும் ஜிப் மாற்றுவதுமாக நாள் முழுக்க வேலை, நாள் முழுக்க ஆட்கள் என்று சொன்னாள். அதைச் சொல்லும்போது குரலில் தெம்பு இருந்தது. பெரியவர் இப்போது தானாகவே அவளைக் கூப்பிட்டார். ஆரம்பத்தில் இரண்டு வாக்கியத்தில் தீர்ந்துபோகும். பிறகு வேலை இடத்தில் ஏதாவது நடந்தால், இதைச் சொல்லலாம் என்று நினைத்து வைத்துக்கொள்ளப் பழகினார். சில நாள் ஒன்றுமே நடக்காது. "இன்னைக்கு ஒண்ணும் இல்ல," என்று அதையும் சொன்னார்.

சின்னவரோடு பெரிய ஒட்டுறவு ஒன்றும் வந்துவிடவில்லை. பேச்சு உண்டு, அவ்வளவுதான். பெரியவர் புல் வெட்டும்போது அவர் வாசலில் நின்று, இடது பக்கம் விட்டுட்டே, கோணலாப் போறே என்று கத்துவார். நீ வந்து வெட்டு என்பார் பெரியவர். வர மாட்டார். அடிக்கட்டையைத் தோண்டி எடுத்துவிடலாமா என்று ஒருநாள் சின்னவர் கேட்டார். "கேக்கறே இல்ல?" என்றார் பெரியவர். "கேக்கறேன்." "இருக்கட்டும். அதுவா உளுத்துப் போகும்." அப்படியே விட்டார்கள்.

குச்சியக்கா அடுத்த சுற்றில் வந்து குச்சியை ஊன்றிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த வீட்டுக்குப் போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசும்போது பெரியவர் கேட்டார்: "எப்ப வர்றே?"

கேட்டுவிட்டு அவரே திடுக்கிட்டார். அந்தப் பக்கம் தையல் இயந்திரத்தின் ஓட்டம் நின்றது.

"தெரியலங்க," என்றாள் அவள். "நிஜமாவே தெரியல. இந்த வீடு, இந்த வேலை எல்லாம் எனக்கு இப்பத்தான் பிடிபடுது. அடுத்த விடுமுறைக்கு நீங்க வாங்க. வந்து ரெண்டு நாள் இருங்க. பேத்தியைப் பாத்த மாதிரியும் இருக்கும்."

"வரும்போது ஏதாவது கொண்டு வரணுமா?"

"ஒண்ணும் வேண்டாம்." கொஞ்சம் யோசித்தாள். "மெஷினுக்குப் போடற எண்ணெய் டப்பாவை அங்கயே விட்டுட்டேன். மூக்கு நீளமா இருக்குமே, சின்ன டப்பா. இங்க கடையில அந்த மாதிரி கிடைக்கல. கண்ணுல பட்டா கொண்டு வாங்க."

வைத்த பிறகு பெரியவர் தேடினார். இழுப்பறையில் இல்லை, அலமாரியில் இல்லை. சன்னல் திட்டில், திரைக்குப் பின்னால் இருந்தது. அடியில் எண்ணெய் கசிந்து வட்டமாகக் கறை பிடித்திருந்தது. மூக்கில் ஒரு துண்டுத் துணியைச் சுற்றி நூலால் கட்டினார். ஒழுகுகிறதா என்று கவிழ்த்துப் பார்த்தார். அலமாரி மேலிருந்து பயணப் பையை இறக்கி, டப்பாவை ஓரமாக நிற்க வைத்துப் பையை மூடினார். விடுமுறைக்கு இன்னும் நாள் இருந்தது.